மூன்றாம் சுற்றில் வீட்டுப் பாதை

சோட்காமோ,
மார்ச், திங்கட்கிழமை காலை

அன்புள்ள ரௌனோவுக்கு, உன் மனைவி ஐலா எழுதுவது.

நலமா என்று கேட்டால் நலம் என்பாய், சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாய். அதனால் இரண்டையும் ஆஸ்பத்திரி நர்ஸ் சிர்பாவிடமே கேட்டுக்கொண்டேன். போனில் என் குரல் வந்தால் கட்டிலுக்கு அடியில் குனிந்து என்னைத் தேடுகிறாயாம். இனிமேல் கடிதம்தான். சிர்பா, மெதுவாகப் படியுங்கள். நடுவில் அவன் தூங்கிப்போனால் எழுப்ப வேண்டாம்.

மேப்பைப் பார்த்துக் காட்டில் கொடி தேடிச் சறுக்கும் நம் உலகப் போட்டி முடிந்துவிட்டது. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டில்தான் நடந்தது. போட்டிக்காக அதை மூடி வைத்த நாளிலிருந்து நான் பனிச்சறுக்குக் கட்டையோடு அந்தப் பக்கம் போகவில்லை. எல்லாரையும் போல நானும் மேப் கையில் கிடைத்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன்.

பெண்கள் ரிலேயில் எனக்கு மூன்றாவது, கடைசிச் சுற்று. எனக்கு முந்திய சுற்றில் போன எங்கள் அணிப் பெண் ஹென்னா இரண்டாம் இடத்தில் வந்து என் கையில் தட்டிவிட்டு, "அக்கா, ஸ்வீடன்காரி இப்பத்தான் போறா, விடாதே, போ போ!" என்று கத்தினாள். மேப்பை நெஞ்சுப் பலகையில் மாட்டிக்கொண்டு பாய்ந்தேன். முதல் நான்கு கொடிகளும் வெண்ணெயில் கத்தி இறங்கியது போலப் போயின. ஸ்வீடன்காரியின் முதுகு மரங்களுக்கு நடுவே தெரிந்தது. பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், சத்தியமாக.

அப்புறம் அந்தப் பிளந்த பாறை வந்தது. மேப்பில் பச்சைக் கோடு நேராகப் போகிறது, குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு போட்டிக்கும் பனியில் புதிதாகத்தான் பாதை இழுக்கிறார்கள், காட்டை நம்பாதே, கோட்டை நம்பு என்று பயிற்சி தரும்போது நீ எத்தனை பேரைத் திட்டியிருப்பாய்! நான் மேப்பைப் பார்க்கவே இல்லை. கால் தன்பாட்டுக்குச் சரிவில் இறங்கிவிட்டது. பயிற்சி முடிந்து காபி குடிக்க வீட்டுக்கு நாம் போட்டி போட்டுக்கொண்டு வருவோமே, அந்தப் பாதை. கொஞ்ச தூரத்திலேயே பாதை காணாமல் போய், தொடை வரை பனியில் புதைந்தேன்.

அங்கே நின்று அழுதேன். பதக்கம் போய்விட்டதே என்று இல்லை. பாதை அங்கேயே இருக்கும் என்று நான் அவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தேன்.

திரும்பி ஏறி வந்து ஆறாவதாக முடித்தேன். ஹென்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சால்மன் சூப் குடிக்கும்போது, "மேப்பை என்ன அழகுக்கா மாட்டிட்டுப் போனே? வீட்ல அடுப்பை அணைக்காம வந்துட்டியோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு அது முதல் உலகப் போட்டி, பாவம், என்னால் பாழாய்ப் போனது.

சாயங்காலம் சிர்பா கூப்பிட்டார். கணினித் திரையில் போட்டியை உனக்குக் காட்டினாராம். மேப்பின் மேல் நாங்கள் எல்லாரும் புள்ளி புள்ளியாக நகர்ந்திருக்கிறோம். நீ எதிலும் ஒட்டாமல் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாயாம். என் புள்ளி பாறையருகே திரும்பியதும் எழுந்து நின்றாயாம். "இவ வீட்டுக்குல்ல போறா! காபி போடுங்க, வந்துருவா!" என்று சொல்லிவிட்டு நீயே கப் தேடினாயாம். சிர்பா போனிலேயே அழுதார்.

மறுநாளே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பார்த்தீர்களா, அவனுக்குத் தெரிகிறது, என்னோடு அனுப்பிவிடுங்கள் என்று சண்டை போட்டேன். அவர் நல்ல மனிதர், கடைசிவரை கேட்டார். பழையது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, புதிதாக எதுவும் இனி நிற்காது, அந்த மிச்சமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்றார். ஜனவரி இரவொன்றில் வெறும் காலுறையோடு உறைந்த ஏரி மேல் நீ நடந்து போனதை நினைவுபடுத்தினார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் உன்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்.

ஆகவே சம்மதித்துவிட்டேன், ரௌனோ. வியாழக்கிழமை உன்னை அந்தப் புதுப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். இனி அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள் இருக்கின்றன. கதவைப் பூட்டித்தான் வைப்பார்கள், கோபித்துக்கொள்ளாதே. உன் நீலக் கம்பளிப் போர்வையும் காபிக் கப்பும் நானே கொண்டுவந்து வைக்கிறேன். சிர்பா, அவனுக்குக் கால் சில்லிடும், அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமைதோறும் வருவேன். என் பெயர் வராவிட்டால் பரவாயில்லை, யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொள். திட்டு, பேசாமல் இரு, எது வேண்டுமானாலும் செய். சாமி உன்னைக் குளிரில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: நான் கிளம்பும்போது கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போலாமா என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன்,
ஐலா