மூன்றெழுத்துக் கடையில் சாப்பிட்டவை

மார்ச் 4, திங்கள்

இந்த நோட்டு எங்க ஊர்ச் சலூன்காரர் கொடுத்தது. "போற எடத்துல வாய்க்கு ருசியா என்னென்ன இருக்குன்னு எழுதிட்டு வா. நீ வாயால சொன்னா பாதிதான் நம்புவோம்" என்றார். பாதியாவது நம்புகிறாரே. வெளிநாட்டில் சாப்பிட்டே ஆக வேண்டிய பத்து வகை எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பத்தும் உப்பு, காரம்தான். சர்க்கரை வியாதியைக் காட்டி மிரட்டி, இனிப்பைத் தொடக்கூடாது என்று தங்கை சொல்லியனுப்பியிருக்கிறாள்.

தின்பதற்காக வரவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தங்கை மகள் பாப்பா இங்கே ஆஸ்பத்திரி லேபில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் வீட்டார் நம் ஆட்கள், இங்கே குடியேறி முப்பது வருஷம். பாப்பாவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் போய்ப் பார்த்துச் சரி என்றால் சரி என்று தங்கை டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவர்களும் என்னைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

போன மாதம் பையனின் அம்மா போனில் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். ஹோட்டல் என்றேன். சொந்தமா என்றார். சொந்த ஹோட்டல் மாதிரிதான் என்று சொல்ல வந்தேன். 'மாதிரி' வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. என் தப்பா? ஒரே மெஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் பார்சல் கட்டியவன் நான். அந்த மெஸ் என் கையில் நின்றதா, முதலாளி கையில் நின்றதா?

மார்ச் 5

குளிர். பாப்பா வேலைக்குப் போய்விட்டாள். ஃப்ரிட்ஜில் ஒரு தயிர் டப்பா. அதற்குப் பின்னால் இன்னொரு தயிர் டப்பா.

மார்ச் 6, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! பாப்பா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சந்து. அதில் ஒரு இரும்புக் கதவு, மேலே மூன்றே எழுத்து: ஒரு கொக்கி, ஒரு முட்டை, ஒரு ஏணி. கடைப் பெயர். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டினால் பதினெட்டு. இதைக்கூடவா ஊகிக்க முடியாது?

உள்ளே ஒரே ஒரு நீள மேஜை. ஆறேழு பேர் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சேர்க்காத கடை, உசத்தியான கடை. நானும் உட்கார்ந்தேன். பெரிய மீசை வைத்த சமையல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். தட்டு வந்துவிட்டது.

வகை ஒன்று: மீன் தலையும் காய்கறித் தண்டும் சேர்த்து மணிக்கணக்கில் கொதித்த சாறு. மிளகு தூக்கல். கண்ணில் தண்ணீர் வந்தது, நல்ல தண்ணீர்.

வகை இரண்டு: ரொட்டியின் இரண்டு ஓர முனைகளை மட்டும் வெட்டி, கொழுப்பில் பூண்டோடு வறுத்தது.

பில் வரவில்லை. கேட்டேன், சிரித்தார்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும், பெரிய மனுஷன் என்று.

மார்ச் 7

இன்று போனதும் மீசைக்காரர் ஒரு கத்தியையும் ஒரு மூட்டை வெங்காயத்தையும் என் முன்னால் வைத்தார். இந்த ஊரில் விருந்தாளி கொஞ்சம் கை கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார் போலிருக்கிறது. நல்ல பழக்கம், பசி எடுக்கும். மூட்டையை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். மீசைக்காரர் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வகை மூன்று, அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி முட்டையோடு புரட்டியது. முன்னால் உட்காரும் பணக்காரனுக்கு இது கிடைக்காது.

எந்த முன்னால்? சும்மா எழுதினேன்.

மார்ச் 8, வெள்ளி

இன்று எனக்கு மரியாதை செய்தார்கள். மீசைக்காரர் வெள்ளைத் துணி ஒன்றைப் பொன்னாடை மாதிரி விரித்து, கழுத்தில் மாட்டி, முதுகுப் பக்கம் முடிச்சும் போட்டுவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இருவர் தட்டினார்கள்.

பாத்திரம் கழுவுகிற அம்மா, மிச்சம் இருந்த சாப்பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போகக் காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை. வாங்கி மடித்து, நூலைச் சுண்டி, ஒரே கையால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்து ஆட்டிக் காட்டினேன், சொட்டு ஒழுகவில்லை. அடுப்பில் நின்றவர்கள்கூட வந்துவிட்டார்கள். மீசைக்காரருக்கு நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாவது தடவை அவரே போட்டார்.

ஏழு வகை ஆகிவிட்டது.

மார்ச் 9, சனி

பையன் வீட்டாரோடு திங்கட்கிழமை விருந்து. நம்ம கடைக்கே கூட்டிப்போகலாம் என்று பாப்பாவிடம் மூன்று எழுத்தையும் எழுதிக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். "மாமா, இது கடை பேர் இல்ல. 'வேலையாட்கள் வழி'ன்னு போட்டிருக்கு."

எனக்குத் தெரியும் என்றேன். முதல் நாளே தெரியும், சோதித்துப் பார்த்தேன் என்றேன்.

"அங்க என்ன பண்ணீங்க?"

வெங்காயம் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "அவங்ககிட்ட மட்டும் இத சொல்லிடாதீங்க மாமா. அவங்க உங்கள ஹோட்டல் முதலாளின்னு நெனச்சுட்டு இருக்காங்க. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இப்ப சொன்னா என்னையும் சேத்துப் பொய்க்காரின்னுதான் நெனப்பாங்க. எனக்கு இந்த எடம் போயிட்டா…"

மூன்று நாள் ஒரு மனுஷன் வேலைக்குப் போனதை அவனே தெரிந்துகொள்ளாமல் இருப்பானா? இருந்திருக்கிறேனே.

மார்ச் 10

போகவில்லை. தயிர்.

மார்ச் 11, திங்கள்

விருந்து முடிந்து வந்து எழுதுகிறேன்.

இடத்தை அவர்கள்தான் பிடித்திருந்தார்கள். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு, வெள்ளை மேஜைவிரிப்பு. தட்டு வண்டிச் சக்கரம் அளவு, நடுவில் சாப்பாடு சட்டைப் பொத்தான் அளவு. பையனின் அப்பா கோட்டுக்குள் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மாதான் பேசினார். உங்க ஹோட்டலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றார். பதினாலு என்றேன். அது உண்மை. அந்தப் பதினாலில் ஒருத்தன் நான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அப்போது சமையலறைக் கதவு ஆடித் திறந்தது. உள்ளே மீசை.

சந்துக்கு ஒரு கதவு இருந்தால் தெருவுக்கு ஒரு கதவு இருக்காதா? என் புத்தி. கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தேன், நிறுத்தவே இல்லை. பிரயோஜனம் இல்லை. மீசைக்காரர் நேராக எங்கள் மேஜைக்கு வந்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மேலே நூல் முடிச்சு. என் முடிச்சு.

பையனின் அம்மா மெதுவாகச் சொன்னார். "மூணு நாளா ஏன் வேலைக்கு வரலன்னு கேக்கறார். உங்க பங்க எடுத்து வெச்சிருந்தாராம்."

எனக்குக் கதை பஞ்சமா? இந்த ஹோட்டலை விலை பேச மாறுவேஷத்தில் வந்தேன் என்பதே நாக்கு நுனியில் நின்றது. நல்ல கதை, இப்போது நினைத்தாலும் நல்ல கதை. பாப்பாவைப் பார்த்தேன். தட்டில் இருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"நான் முதலாளி இல்லைங்க. மெஸ்ல பார்சல் கட்டினவன். போன்ல சொன்னது நான், பொண்ணு இல்ல. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த அம்மா பொட்டலத்தை இழுத்துப் பிரிக்கப் பார்த்தார், முடிச்சு அசையவில்லை. "அந்தச் சின்ன நுனிய இழுங்க, போதும்" என்றேன். இழுத்தார், பூ மாதிரி விரிந்தது. மீன் தலை, வறுத்த ரொட்டி முனை. விரலால் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"கோட்ட கழட்டுங்க, போதும்." என்னிடம் திரும்பினார். "இது எதுத்த வீட்டுக்காரரோட கோட்டு. இவர் பஸ் ஓட்டறவர். பொண்ணு வீட்ல ஹோட்டல் முதலாளின்னு கேட்டதுலேந்து இவருக்குத் தூக்கம் இல்ல. உங்களுக்காகத்தான் இங்க புக் பண்ணோம். நாங்களும் இன்னைக்குத்தான் இதுக்குள்ள வர்றோம்."

அந்த மனுஷர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அந்த ரொட்டிய இந்தப் பக்கம் தள்ளுங்க."

பாப்பா அழுதாள். சிரித்தாள் என்றும் எழுதலாம்.

மார்ச் 12

வெங்காயம், இரண்டு மூட்டை. வகை எட்டு.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஊர். சலூனில் நோட்டைப் பிரித்து எட்டு வகையும் வாசித்தேன். பின்வாசல், கோட்டு, பஸ் டிரைவர், எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "முன்னயாவது பாதி நம்பினேன்" என்றார்.

சாயங்காலம் தங்கை கல்யாணப் பத்திரிகைப் புரூஃப் கொண்டுவந்தாள். ஆவணி இரண்டாவது வாரம். பையனின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாராம்: ஊரெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, இரண்டு வீட்டாரும் பின்னால் சமையல் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தாய்மாமன் பெயருக்குக் கீழே என்ன வேலை போடுவது என்று அச்சகத்துக்காரர் கேட்டாராம்.

'பார்சல் மாஸ்டர்' என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டர் மட்டும் நான் சேர்த்தது.