கோட்டு மாட்டிய கொக்கி

மார்ச் 4, செவ்வாய்

காபி ஆறும்வரை மாமனாரின் கிண்டல். வந்திருந்த நண்பரிடம், "எங்க மருமக கண்ணுக்குத் தெரியாததை அளக்கற உத்தியோகம் பாக்கறா. அதுக்கு அரசாங்கம் சம்பளம் வேற குடுக்குது" என்றார். நானும் சிரித்துவைத்தேன். கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறை என்றால் யாருக்கும் புரிவதில்லை. எக்ஸ்ரே அறைகளைச் சோதிக்கிறவள் என்றால், "அப்ப நீங்க டாக்டரா?" என்பார்கள். இல்லை, டாக்டர்களுக்கே சீல் வைக்கிறவள். எழுதும்போதே கொஞ்சம் கர்வம் வருகிறது. வரட்டும், என் டைரிதானே.

ஆபீசில் ஒரு பேட்ஜ் வந்து கிடக்கிறது. எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது. மேலே படுகிற கதிரையெல்லாம் அது சேர்த்துவைக்கும். அவ்வப்போது வாங்கி எவ்வளவு என்று பார்ப்போம். இதில் வழக்கத்தைவிடப் பல மடங்கு. எந்த கிளினிக் என்று பார்த்தால், மாமா முழங்கால் வலிக்குப் போகிற அதே டாக்டர். போச்சுடா.

மார்ச் 5, புதன்

அதிகாரியிடம் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டுக்கு வேண்டியவர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று. "ஊர்ல பாதிப் பேருக்கு அவர் வேண்டியவர்தான். நீயே போ. ரிப்போர்ட்டை நான் படிச்சுப் பாத்துக்கறேன்."

மார்ச் 7, வெள்ளி

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள் இரண்டு குழந்தைகளின் தாய். "பேட்ஜை எப்பவும் போட்டிருப்பேன் மேடம்" என்று ஒரே சாதிப்பு. அப்படியானால் அவ்வளவும் உங்கள் உடம்பில் பட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றதும் அழுகை வந்துவிட்டது. அப்புறம்தான் உண்மை. கதிரைத் தடுக்கப் போடும் காரீய ஏப்ரன் கனம், உள்ளே புழுக்கம். அதனால் வெள்ளைக் கோட்டைக் கழற்றி வெளியே நடைவழிக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலை செய்வாளாம். பேட்ஜ் கோட்டோடு தொங்கும்.

"வேலைக்கு உலை வெச்சிடாதீங்க மேடம்."

டாக்டருக்குச் சிரிப்பு. "அப்ப கோட்டு மேலதான் பட்டிருக்கு. கோட்டுக்கு வைத்தியம் பாத்துட்டாப் போச்சு. இவளை நான் மாத்திடறேன்." எனக்கும் நிம்மதி. ஆள்மேல் படாத அளவு என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவளை மாற்றுவது அதிகம் என்று பட்டது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

கடைக்குப் போய் நனைந்து வந்து, குடையை வீட்டுக் கதவுக்கு வெளியே மாட்டினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியே. அவளும் வெளியேதானே மாட்டினாள்? அறைக்கு வெளியே கதிருக்கு என்ன வேலை?

மண்டு. மண்டு. யார்மேல் பட்டது என்றே குடைந்துகொண்டிருந்தேன். எங்கே பட்டது என்று கேட்கத் தோன்றவில்லை. பேட்ஜ் என்னவோ ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது.

அந்தக் கொக்கிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு நோயாளியைச் சாய்த்து நிறுத்தும் ஸ்டாண்டு இருக்கிறதே, அதன் பின்சுவரில் காரீயத் தகடு பதித்திருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் பெயிண்ட் அடித்தபோது, புது மேஜைக்கு இடம் வேண்டுமென்று ஸ்டாண்டை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தகடு பழைய சுவரிலேயே சும்மா இருக்கிறது. புதுச் சுவர் வெறும் செங்கல். அதற்கு அந்தப் பக்கம் பெஞ்சு.

நடைவழியைக் காலிசெய்யச் சொல்லி, கதிரை அளக்கும் மீட்டரைக் கொக்கியில் தொங்கவிட்டேன். ஆளில்லாமல் ஒருமுறை எக்ஸ்ரேவைப் போடச் சொன்னேன். முள் எகிறியது. இன்னொரு முறை. அதே.

"இதனால நாளைக்கே யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது மேடம்" என்றார் டாக்டர்.

"ஆகாதுதான் டாக்டர். ஆனா எக்ஸ்ரே தேவைப்படறவங்க மேல பட்டாப் போதும். மாத்திரை வாங்க வந்து உக்காந்திருக்கறவங்களுக்கு எதுக்கு?"

நன்றாகத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. மெஷினுக்கு சீல் வைத்தேன். வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று கத்தினார். அவர்களுக்காகத்தான் என்றேன். கிளம்பும்முன் இன்னொன்றும் சொன்னேன். "அவங்களை மாத்தாதீங்க. அந்தக் கோட்டு அங்க தொங்கலேன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது." அவளையும் தனியாகக் கூப்பிட்டுக் காய்ச்சியெடுத்தேன். பேட்ஜ் கோட்டுக்கு இல்லை, உங்களுக்கு.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. "நம்ம டாக்டருக்கே பூட்டுப் போட்டுட்டியாமே? இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அங்க போவேன்?" மாமா சாப்பிடாமல் எழுந்துபோனார். "விடு, அப்பா கோவம் ரெண்டு நாளைக்குத்தான்" என்கிறார் இவர்.

மார்ச் 11, செவ்வாய்

பேசவில்லை. டிவியிடம் மட்டும் பேசுகிறார்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் கோபமாவது, ஒன்றாவது. இன்று நானே காபியோடு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாமா, அங்க போனா எங்க உக்காருவீங்க?"

"ஃபேனுக்குக் கீழ. அந்தப் பெஞ்சுல, செவுத்துல சாஞ்சுக்கிட்டு."

"தலைக்கு மேல ஒரு கொக்கி இருக்குமா?"

"ஆமா. அந்தப் பொண்ணு கோட்டு தொங்கும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

இத்தனை நாளும் இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் போன தடவைகளையெல்லாம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயப்படும் அளவு இல்லை. சொன்னேன். "நெசமா ஒண்ணும் இல்லியே?" "இல்ல மாமா." அடிவரை காபியைக் குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?" என்றார். அப்பாடா, பேசிவிட்டார்.

மார்ச் 29, சனி

டாக்டரிடமிருந்து போன். புதுச் சுவரில் தகடு பதித்தாயிற்றாம். குரலில் விறைப்பு இன்னும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

சோதனைக்காக சீலைப் பிரித்து, நடைவழியைக் காலிசெய்து, அதே கொக்கியில் மீட்டர். நெஞ்சில் பேட்ஜோடு அவள்தான் பொத்தானை அழுத்தினாள். முள் அசையவில்லை. மறுபடியும் அழுத்தச் சொன்னேன். அசையவே இல்லை. உள்ளே போய், மெஷினை இனி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கதவைத் திறந்து வெளியே வந்தால், நடைவழி முழுக்க மறுபடி ஆட்கள் நிற்கிறார்கள். பெஞ்சு மட்டும் காலி. கைக்குழந்தையோடு ஒரு பெண்கூட எதிர்ச்சுவர் ஓரமாக நிற்கிறாள். விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. அந்தப் பெஞ்சில் உட்கார யாருக்கும் மனமில்லை.

வாசலில் மாமா, கைத்தடியோடு. வருகிறேன் என்று வீட்டில் சொல்லவேயில்லை.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேன் மாமா."

நேராகப் போய்ப் பழைய இடத்தில், கொக்கிக்குக் கீழே உட்கார்ந்தார். முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். பிறகு நிற்கிறவர்களைப் பார்த்து, "ஏன் நிக்கறீங்க? எங்க மருமக பாத்தாச்சு. உக்காருங்க" என்றார்.

கைக்குழந்தைக்காரிதான் முதலில் வந்து உட்கார்ந்தாள்.