என் வயிற்றில் ஒரு துண்டு கொசுவலை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நலமா? உன் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? பாப்பாவுக்குப் பல் முளைத்ததா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. பதறாமல் படி. குடலிறக்க ஆபரேஷனில் உள்ளே வைத்துத் தைக்கும் வலை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி வைக்கிறோம். ஆபரேஷன் மேசை வரைக்கும் வந்த ஒரு லாரி டிரைவர் அதைக் கேட்டதும் இறங்கிவிட்டார்.

"கொசுவலையா? உங்க வயித்துல வெச்சுப்பீங்களா டாக்டர்?"

அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கிளம்பிவிட்டார்கள். எனக்கும் ஆறு மாதமாக அதே குடலிறக்கம்தான். ஊருக்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று உன்னிடமும் சொல்லாமல் தள்ளிப்போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நானே போய்ப் படுத்துக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் டாக்டரம்மா ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. பேச்செல்லாம் காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்சம் பெருசா வெட்டுங்க, டாக்டர் வயிறாச்சே" என்று நர்ஸ் சிரித்தார்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு அந்த டிரைவர் வந்து என் வயிற்றுக் கட்டை உற்றுப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இருமினா உயிர் போகுது."

"நீங்க பொய் சொல்லல. அப்ப சரி."

நேற்று அவருக்கும் நல்லபடியாக முடிந்தது.

எலாஸ்டிக் தளர்ந்த பைஜாமா இரண்டு அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது, பழையதெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

நர்ஸ் கூப்பிடுகிறார். தனியாக நடக்க டிரைவருக்குப் பயமாம், நான் கூட வந்தால்தான் கட்டிலைவிட்டு இறங்குவாராம்.

உன்,
டாக்டர்