கொரியப் பேயும் கல்யாண ஓலையும்

செவ்வாய், இரவு

அந்தக் கொரியப் படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவர்கள் கையில் கிடைத்தால் தெரியும். கத்தோலிக்கச் சாமியார்கள் ஒரு பெண்ணைக் கட்டிலில் கட்டிப் பேயோட்டுகிற படம். புன்னைக்காயலில் அதைப் பார்க்காத வீடில்லை. பங்குச் சாமியார் நான்தானே, எல்லோரும் என்னிடமே வருகிறார்கள்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் ரோஸ்லின் தன் மகள் ஜெனிட்டாவை இழுத்து வந்தாள். "ஒரு வாரமா சாப்பிட மாட்டேங்கா சாமி. படத்துல வார மாதிரியே முழிக்கா. ஓட்டி விடுங்க."

தாயை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கேட்டேன். "பேய்னே சொல்லிருங்க சாமி. அப்பவாச்சும் கல்யாணத்த நிறுத்துவாவ" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியாது, நீயே சொல், பக்கத்தில் நிற்கிறேன் என்றேன். தாய் உள்ளே வந்ததும் ஜெனிட்டா சொன்னாள்: "எனக்கு அந்த மாப்பிள்ள வேண்டாம்மா."

"பாத்தியளா சாமி! எம்மவ இப்படி எதுத்துப் பேசுனதே இல்ல. உள்ள இருக்கதுதான் பேசுது!"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவள் மனதாரச் சம்மதிக்காமல் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன், அந்த அறிவிப்பு இல்லாமல் கல்யாணமும் நடக்காது என்று கத்தியே விட்டேன்.

 ஜெனிட்டா, "பசிக்குது" என்றாள். எனக்கு வைத்திருந்த இட்லியைக் கொடுத்தேன். ஐந்தையும் தின்றாள்.

ரோஸ்லின் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஓட்டிட்டியளே சாமி!"

ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள். நாளைக்கு வாசலில் எத்தனை பேரோ.