அத்தையின் உதடும் ஐந்து வாசகர்களும்

பிப்ரவரி 3

அன்பு நாத்தனாருக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருப்பேன். உன் மகள்தான் இங்கே காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே நிற்கிறாளே! அதனால்தான் கடிதம். நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். உன் வாலு இங்கிலீஷ் வாசிக்கிறாள்!

எங்கள் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு குழுவைக் கொடுத்தார்கள். என் குழுவில் உன் மகளும் ஒருத்தி. உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, மக்குப் பிள்ளைகள் குழு இல்லை அது. நூலகத்தின் மூலையில் ஒரு வட்ட மேசை. நான் நடுவில், அவர்கள் என்னைச் சுற்றி.

இப்போது இங்கிலீஷ் ஜோடி உயிரெழுத்து நடக்கிறது. இரண்டு உயிரெழுத்து கைகோத்து நின்றால் ஒரே சத்தம்தான் வரும், இல்லையா? o-வும் a-வும் சேர்ந்தால் ‘ஓ’. போட், சோப், டோஸ்ட். வார்த்தை எழுதிய அட்டையை நீட்ட வேண்டியதுதான் தாமதம், ஐந்தும் கோரஸாகக் கத்துகின்றன. எதற்கெடுத்தாலும் வாதாடும் ஒருவன் இருக்கிறான், ‘வக்கீல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன், அவனே வாதாடாமல் வாசிக்கிறான் என்றால் பார்த்துக்கொள்.

உன் அண்ணன் நலம். இப்போதும் குளியலறையில் பாடுகிறார்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வார்டு வராந்தாவில் பிரித்தேன். நான் குதித்த குதியில் ஏழாம் படுக்கைப் பெரியவர், “சிஸ்டர், லாட்டரி அடிச்சிருச்சா?” என்றார். “அதுக்கும் மேல” என்றேன்.

சரியான நேரத்தில் சொன்னீர்கள். விடுதி அறைக்குப் பதில் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே எனக்கு வீடு கொடுத்துவிட்டார்கள். இனி என் பெண் என்னோடு இருக்கலாம்! அடுத்த தெருவில் பள்ளி. நேற்றே போய் நின்றுவிட்டேன். தலைமையாசிரியை கறாரானவர். “இங்கிலீஷ்ல ஒரு பக்கம் தானா வாசிச்சா ரெண்டாம் வகுப்புல இடம். இல்லேன்னா அடுத்த வருஷம் வாங்க” என்றார். “என் பொண்ணு வெளுத்து வாங்குவா மேடம்” என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி தேர்வு. முந்தின வாரம் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

அவள் அறைக்கு மஞ்சள் திரைச்சீலை வாங்கிவிட்டேன். மூன்று வருஷமாக என் பிள்ளையை நான் போன் கண்ணாடிக்குள்தானே பார்க்கிறேன், அண்ணி.

உங்கள்
நாத்தனார்

மார்ச் 2

அன்பு நாத்தனாருக்கு,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. பட்டென்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

போன வாரம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கிப்போய், துப்பட்டாவால் வாயைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அட்டையை நீட்டினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முந்தின நாள் கோரஸாகக் கத்திய அதே ‘போட்’! அப்புறம் வக்கீல்தான் எழுந்து, “மிஸ், அந்தத் துணியை எடுங்க, தெரியல” என்றான். “அட்டை தெரியலையாடா?” என்றால், “உங்க வாய் தெரியல!” என்கிறான்.

அட்டையை நீட்டும்போதே நான் உதட்டைக் குவித்திருக்கிறேன், நாத்தனாரே! ‘ஓ’ வரும் என்றால் குவிப்பு, ‘ஈ’ வரும் என்றால் இளிப்பு. ஐந்தும் அட்டையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் வாசித்திருக்கின்றன. அதிலும் உன் மகள் கில்லாடி. வீட்டிலும் இந்த மூஞ்சியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சிரிப்பும் வருகிறது, மானமும் போகிறது. அவசரப்பட்டுப் பீற்றிக்கொண்டது என் தப்பு. தேர்வுத் தேதியை மட்டும் மாற்றாதே. நான் விடுவதாக இல்லை.

அண்ணி

மார்ச் 11

அண்ணிக்கு,

பெயரைக் கொடுத்தாகிவிட்டது, திரைச்சீலையும் தொங்குகிறது, இப்போது போய் வாசிக்கத் தெரியாது என்கிறீர்கள். தவறினால் இன்னும் ஒரு வருஷம். போன ஞாயிறு, “அம்மா, போதும், அத்தைகிட்ட குடுக்கறேன்” என்று போனை நீட்டிவிட்டாள். இன்னும் ஒரு வருஷம் போனால் அந்த ‘அம்மா’வும் இருக்குமா?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவள் இங்கே வருவது உங்களுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறதா?

நாத்தனார்

மார்ச் 20

அன்பு நாத்தனாருக்கு,

கோபப்படாதே என்று சொல்லிவிட்டால் கோபம் வராதா? வந்தது. உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். உன் அண்ணன் எடுத்து நீவிக் கொடுத்து, “கேட்டதுல தப்பில்லையே” என்றார். அவர் மேலும் கோபம் வந்தது.

பிடிக்கவில்லை. போதுமா? அவளுக்குத் தலை வாரிவிட்ட கைக்கு நாளைக்கு வேலை இருக்காது. ஆனால் அதற்காக ஒரு குழந்தையை வாசிக்கவிடாமல் வைத்திருப்பேன் என்று நினைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, இனி நல்ல செய்தி.

மேசையையே மாற்றிவிட்டேன். பிள்ளைகள் சுவரைப் பார்த்து, நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால். முதல் வாரம் ஒரே அழுகை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டேன். ஜோடி எழுத்துக்கு அடியில் விரல் வைத்து, தனித்தனிச் சத்தமாகச் சொல்லி, அப்புறம் சேர்க்க வேண்டும். மெதுவாக, ஆளாளுக்குத் தனியாக.

நேற்று ஒரு வேலை செய்தேன். மனப்பாடம் செய்ய வழியே இருக்கக்கூடாது என்று, உலகத்திலேயே இல்லாத வார்த்தைகளை எழுதி நீட்டினேன். ‘வோப்’ என்று ஒன்று. உன் மகள் விரல் வைத்தாள். ‘வ்’ என்றாள். ஜோடியில் நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “ஓ... ப்... வோப்” என்றவள் எழுந்து இடுப்பில் கை வைத்து, “அத்தை! இப்படி ஒரு வார்த்தையே கிடையாது, சும்மா ஏமாத்தறீங்க!” என்று சண்டைக்கு வந்தாள்.

இல்லாத வார்த்தையை இல்லை என்று சொல்ல, முதலில் அதை வாசித்திருக்க வேண்டுமே! தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். வக்கீல் “எனக்கும் சுத்துங்க” என்று வரிசையில் நின்றான். எல்லோரையும் சுற்றினேன். இடுப்பு போய்விட்டது.

திரைச்சீலையைக் கழற்றாதே. வந்து அழைத்துப் போ.

அண்ணி

ஏப்ரல் 28

அன்பு நாத்தனாருக்கு,

இடம் கிடைத்ததை நீ போனில் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டது. உன் அண்ணன் தெருவெல்லாம் சாக்லெட் கொடுத்தார். கொடுத்து முடித்துவிட்டு, மாலையில் பழக்கதோஷத்தில் அவளைக் கூட்டிவரப் பள்ளி வாசலில் போய் நின்றிருக்கிறார். வெறுங்கையோடு வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

என் குழுவுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், சிட்டுக்குருவி மாதிரிக் குரல். உன் மகள் உட்கார்ந்த நாற்காலி அவளுக்கு. முதல் நாள் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அவளுக்கல்ல, எனக்கு.

நேற்று வாலு போன் செய்து ஒரு பக்கம் முழுக்க வாசித்துக் காட்டினாள். ‘ரெயின்’ வரும் இடத்தில் தடுக்கியது. திருத்தலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் குரல் கேட்டது. “சொல்ல மாட்டேன்டி. நீயே பாரு.” அவள் பார்த்தாள். வாசித்தாள். அப்புறம், “அத்தை, வைக்கட்டுமா? அம்மா தூங்குற நேரம் ஆச்சு, அவங்களுக்கு நான்தான் கதை வாசிக்கணும்” என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், நாத்தனாரே. பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தாய். பிடித்திருக்கிறது.

என்றும் அன்புடன்,
அண்ணி