பந்தைக் கொடுப்பவள்

3.10.1993, ஞாயிறு

விழுப்புரம் தனி மாவட்டம் ஆகி மூன்று நாளாகிறது. வளவனூர் பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும், யார் நிலத்துக்கு விலை ஏறும். எனக்கு வேறு சந்தோஷம். தனி மாவட்டம் என்றால் தனி டீம். இதுவரை கடலூர்க்காரிகள் ஆட, நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் துண்டுக்கும் தண்ணீருக்கும் காவல் இருந்தேன். இனி விழுப்புரம் மாவட்டப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் இந்தப் புனிதாதான் கேப்டன் என்று கோச் முருகையன் சார் சொல்லிவிட்டார். பாயின்ட் கார்டும் நானே. பந்தை எடுத்து வந்து, அது யார் கைக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவள்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கூடையில போடுறது யாரு?" என்றாள். மற்றவர்கள் என்றேன். அப்புறம் உனக்கு என்னடி இதில் பெருமை என்று மாவரைக்கப் போய்விட்டாள்.

17.10.1993

எங்கள் தெரு பிரேம்குமார் விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் வீடியோ கடை வைத்திருக்கிறான். அதனால் எங்களுக்கு ஒரே நன்மை, அவன் அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பும் அமெரிக்க ஆட்ட கேசட்டுகள். இன்று டீமே போய் உட்கார்ந்தது. பார்த்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம்.

உலகத்திலேயே பெரிய பாயின்ட் கார்ட் மேஜிக் ஜான்சன்தான், பேச்சே இல்லை என்கிறான் பிரேம்குமார். ஆறடி ஒன்பது அங்குலம். ஒரு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபக்கம் பந்தைக் கொடுப்பவர். நான் ஸ்டாக்டன் கட்சி. அலட்டல் கிடையாது. ஆள் எங்கே வந்து சேருவானோ அங்கே பந்து முன்னாலேயே போய் நிற்கும். எங்கள் டீம் அஞ்சம்மாளுக்கு ஐசையா தாமஸ்தான், சிரிப்பு நன்றாக இருக்கிறதாம்.

போகீஸ் என்று ஒருவர், ஐந்தடி மூன்றே அங்குலம். அவ்வளவு உயரமான ஆட்களுக்கு நடுவில் அணில் மாதிரி ஓடுகிறார். நான் அவரைவிட இரண்டு அங்குலம்தான் கம்மி. ராத்திரி சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

14.11.1993

புதுப் பெண் ஒருத்தி. செந்தாமரை. மரக்காணம் பக்கம் மீனவக் குப்பம், திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒல்லி, கறுப்பு, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டு.

பந்தைக் கொடுத்துப் பார்த்தோம். திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வீசினாள். அது நேராக அஞ்சம்மாள் மூக்கில் போய் விழுந்தது. அவள் அங்கே நிற்பது எங்களுக்கே தெரியாது. பார்த்து வீச மாட்டாயா என்று கத்தினேன்.

"அவங்க ஆளே இல்லாத எடத்துல நின்னுக்கினு இருந்தாங்கக்கா. பந்து வரும்னு அவங்க பாக்கலன்னா நான் என்னா பண்றது?"

15.11.1993

அஞ்சம்மாள் மூக்கு வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

5.12.1993

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? பந்து என் கையில் இருந்தால் நாங்கள் சரியாக ஆடுகிறோம். அவள் கையில் இருந்தால் எல்லோரும் ஓடுகிறார்கள். எந்த நேரமும் வரும் என்று கையை விரித்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி ஓடுகிறார்கள். பேஜாராக இருக்கிறது.

எப்படி அப்படி வீசுகிறாய் என்று கேட்டேன். தெரியாதுக்கா என்கிறாள். அதுதான் எரிச்சல். தெரிந்து செய்தால் நானும் கற்றுக்கொள்வேனே.

12.12.1993

எங்கள் இரண்டு பேரில் யார் ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று பிரேம்குமாரிடம் கேட்டிருக்கவே கூடாது.

"நீ ஸ்டாக்டன் மாதிரி ஆடணும்னு ஆடுற. அந்தப் பொண்ணு யாரு மாதிரியும் ஆடல," என்றான்.

இனி அவனிடம் பேச்சு இல்லை.

16.1.1994

பொங்கல் முடிந்தது. பிரேம்குமார் வீட்டிலிருந்து கரும்பு வந்தது. அவனே தூக்கி வந்தான். பேசாமல் வாங்கி வைத்தேன். புதுக் கேசட் வந்திருக்கிறது, ஸ்டாக்டன் ஆடுவது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

எந்த ஆட்டம் என்று கேட்டிருக்கலாமோ?

19.2.1994

நாளை திண்டிவனத்தில் கடலூரோடு ஆட்டம். என் பழைய டீம். நான் எதற்கும் லாயக்கில்லை என்று பெஞ்சில் வைத்தவர்கள் முன்னால் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வர வேண்டும் — இதற்காகத்தானே இத்தனை மாசம் ஓடினேன்?

சாயங்காலம் முருகையன் சார் பேர் எழுத உட்கார்ந்தார். பாயின்ட் கார்ட் நீதானே என்று எழுதப் போனார். செந்தாமரை என்று சொல்லிவிட்டேன். சார் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவளை எழுதுங்க சார், நான் ஓரத்தில் ஆடுகிறேன் என்றேன்.

செந்தாமரை பஸ் ஸ்டாண்டுவரை என் கூடவே வந்தாள்.

"அக்கா, நான் கேக்கவே இல்லையே."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

உண்மை அதுதான். தூக்கம் வரவில்லை. நாளை என் கை சும்மா இருக்குமா?

20.2.1994

ஜெயித்தோம்.

முதல் பாதி முழுக்க அடி வாங்கினோம். கடலூர்க்காரிகள் செந்தாமரையை இரண்டு பேராகச் சுற்றிக்கொண்டார்கள். அவள் வீசியது எல்லாம் அடுத்த கோர்ட்டுக்குப் போனது. நடுவில் என்னிடம் வந்து, நீங்களே எடுத்துக்கோங்கக்கா என்றாள், கண் கலங்கி. முடியாது, ஓடு என்றேன். அவள் மேல் இருந்த கோபம், பொறாமை எல்லாம் எங்கே போனது? இந்தப் பெண் தோற்றுவிடக் கூடாதே என்றுதான் பயமாக இருந்தது.

அப்புறம் மெல்ல அவளுக்கு வழி கிடைத்தது. ஓரத்தில் சும்மா நிற்கும் என் கைக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. போட்டேன். விழுந்தது. மறுபடி போட்டேன். எனக்குக் கூடையில் போடவும் வரும் என்று இத்தனை வருஷம் எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம். நேரம் முடியப் போகிறது. செந்தாமரை உள்ளே பாய, மூன்று பேர் அவள் மேல் விழுந்தார்கள். அவர்கள் காலிடுக்கு வழியாகப் பந்து என்னிடம் வந்தது. நான் போடப்போகிறேன் என்று மிச்சம் இரண்டு பேரும் என்னை நோக்கிப் பறந்தார்கள். கை தானாக வேலை செய்தது. கூடைக்கு அடியில் தனியாக நின்ற அஞ்சம்மாளிடம் தட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஆமாம், மூடிக்கொண்டுதான். அவளே சொன்னாள்.

பஸ் ஏற்றிவிட வந்த செந்தாமரை என் தோளில் சாய்ந்துகொண்டு நின்றாள். "அந்தப் பாஸ நான் பாக்கவே இல்லக்கா," என்றாள்.

பிரேம்குமார் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தான். அவனோடு பேசினேன். நிறையப் பேசினேன்.

9.6.1997, திங்கள்

விடியலுக்கு முன்பே எழுந்து கேபிளில் அமெரிக்க ஃபைனல்ஸ். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இவர் சிகாகோ கட்சி, நான் ஸ்டாக்டனின் யூட்டா கட்சி. கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கி இருந்தபோது, ஸ்டாக்டன் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பந்தை வீசினார். சிகாகோ ஜோர்டன் தலைக்கு மேலே போய் எங்கள் யூட்டா மலோன் கையில் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழ, அத்தை ஓடி வந்து, காலங்காத்தால யாருக்கு என்னா ஆச்சு என்று கேட்டார். யூட்டா ஜெயித்தது அத்தை என்றேன். அது யாருடி என்றார்.

மேஜிக்தான் எல்லோரையும்விடப் பெரியவர் என்று இவர் இன்னமும் விடவில்லை. கல்யாணம் ஆகியும் தீராத வழக்கு.

பத்து மணிக்கு செந்தாமரை போன். சென்னையில் அவள் ஆடும் கிளப்பில் ஒரு இடம் காலியாம். ஓரத்தில் நின்று போடவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும், அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும் என்று கோச்சிடம் சொல்லிவிட்டாளாம். புதன்கிழமை செலக்ஷன். பிள்ளை பெற்றவளடி நான் என்றேன். அதனாலென்ன, பந்துக்குத் தெரியவா போகுது என்றாள்.

அத்தை சமையலறையிலிருந்தே, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிரேம்குமார் டிக்கெட்டுக்கு ஸ்டேஷனுக்கே கிளம்பிவிட்டார். (அத்தை எதிரில்தான் பேர் சொல்லக் கூடாது. டைரியில் சொல்லலாம்.)

பழைய ஷூ காலில் ஏறவில்லை. சாயங்காலம் பாண்டிக்குப் போய்ப் புதிதாக எடுத்தோம். கடைக்காரர் என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, நடக்கிறதுக்காம்மா என்று கேட்டார்.

ஓடுறதுக்கு என்றேன்.