புள்ளி விழாத சுங்குடி

அக்கா,

இன்று பீரோவைத் துடைக்கும்போது அந்த அரக்குச் சேலை கைக்கு வந்தது. பெயருக்குத்தான் சுங்குடி, ஒரு புள்ளி கிடையாது. என் மகள் கல்யாணத்துக்கென்று நீ இரண்டு மாதம் உட்கார்ந்து அதில் முடிச்சுப் போட்டாய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சின்னாளப்பட்டியில் நமக்கு அது விளையாட்டு. அம்மா துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சிடுவாள். சாயத்தில் முக்கிக் காய்ந்ததும் நீ ஒரு முனை, நான் ஒரு முனை. "கெட்டியாப் பிடிடி" என்பாய். வெடுக்கென்று இழுத்தால் நூலெல்லாம் பட்பட்டென்று தெறிக்கும். முடிச்சு இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி. நான் கையை விட்டு நீ மல்லாக்க விழுந்ததும் உண்டு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் திண்டுக்கல்லிலிருந்து வந்தபோது, நீ முடிச்சுப் போட்ட அந்தத் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாய். துணி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. தரையெங்கும் நூல்.

"சாயம் போட்டாச்சுல்லடி, அதான் உருவுறேன்" என்றாய்.

"புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? அம்புட்டையும் கெடுத்துட்டியே!"

தெருவே கேட்கக் கத்தினேன். நீ கைகள் இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாய். முடிச்சில்லாத துணியை அப்படியே சாயத்தில் முக்கி எடுத்தோம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூளையும் நரம்பும் நடத்துகிறவள் நான். வெட்கக்கேடு, மதுரையில் டாக்டர் உனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதத் துணுக்குகள் ஒட்டித் திரண்டு, ஓர் அணு இன்னொன்றோடு பேசுவதைக் கெடுக்கின்றன. உள்ளே டாவ் என்று ஒரு புரதம். சத்து போய்வரும் பாதையைத் தாங்கி நிற்பது அதன் வேலை. அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறியதும் அது கழன்று தனக்குள் சிக்காகிவிடுகிறது. பாதை சரிகிறது, அணு மெல்லச் சாகிறது. முதலில் அடி வாங்குவது புதிதாக நடப்பதைப் பதிய வைக்கும் இடம். நடந்ததெல்லாம் உன் தலைக்குள்ளும் முடிச்சாக விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது அக்கா. சாயம் ஏறும் முன்பே உருவிக்கொண்டுவிட்டது.

நடந்தது மறந்தாலும் அது தந்த பயம் தங்கிவிடலாம் என்றும் டாக்டர் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நீ சேலையை மறந்தாய், பிறகு என்னையும். உன் காலைப் பிடித்து "மன்னிச்சிரு அக்கா" என்று அழுதேன்.

"எதுக்குத் தாயி? நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டாய். மன்னிக்க வேண்டியவள் எதிரில் உட்கார்ந்திருந்தும் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை.

ஒருநாள் உன் மருமகள் கொடியிலிருந்து எடுத்து வந்த போர்வையை விரித்து, ஒரு முனையை என் பக்கம் நீட்டினாய்.

"கெட்டியாப் பிடிடி."

சந்தோஷம் தாங்காமல் "அக்கா!" என்று கத்திவிட்டேன். அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்திய அதே குரல். நீ போர்வையைக் கீழே போட்டுவிட்டுக் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாய்.

அதன் பிறகு சாகும்வரை நீ என்னிடம் எதையும் நீட்டவில்லை.

இப்போது வீட்டில் மெல்லத்தான் பேசுகிறேன். "என்னம்மா, தொண்டை சரியில்லையா?" என்று மகள் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.